பெலும் சந்துகளும் போரா மண்டபமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுண்ணாம்புக்கல் குகைகள் உருவாவதன் வேதியியலைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று, மென்மையான கார்பானிக் அமிலமாகி, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது என்ற அளவோடு அந்தக் கட்டுரை நின்றுவிட்டது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதியுள்ள கேள்விகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை என்றாலும், எல்லாம் கட்டுரை தொடாமல் விட்ட ஓர் இடத்திலேயே வந்து நிற்கின்றன. கரைப்பது நீர் என்றால், எங்கே கரைக்க வேண்டும் என்று அந்த நீருக்கு வழிகாட்டுவது எது?

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): விடுமுறையில் ஆந்திரத்தின் பெலும் குகைக்கும் போரா குகைக்கும் சென்று வந்தோம். இரண்டுமே சுண்ணாம்புக்கல் குகைகள் என்றுதான் அங்கே சொன்னார்கள். ஆனால் பெலுமில் நெடுகிலும் சந்துகளும் நடைவழிகளுமாக இருந்தன. போராவிலோ அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு ஒரு பெரிய மண்டபம் இருந்தது. ஒரே கல்லில் ஒரே நீர் ஏன் இப்படி இரண்டு விதமாக வேலை செய்திருக்கிறது?

பதில்: நீங்கள் கவனித்த வேறுபாடு உண்மையானது. ஒரு பாறை எந்தப் பொருளால் ஆனது என்பது அது கரையுமா, கரையாதா என்பதை மட்டுமே சொல்லும். இரண்டு இடங்களிலும் அந்தப் பொருள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். குகையின் வடிவத்தைத் தீர்மானிப்பவை வேறு: பாறையின் அடுக்குகளுக்கு இடையே உள்ள தளங்கள், அந்த அடுக்குகளை வெட்டிச் செல்லும் விரிசல்கள், முழுப் பாறையும் நிமிர்ந்தும் சாய்ந்தும் மடிந்தும் கிடக்கும் விதம் ஆகியவை. இவற்றைச் சேர்த்துத்தான் பாறையின் கட்டமைப்பு என்கிறோம்.

பெலுமைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். நம் வீடுகளில் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் பதித்திருக்கும் கருநிறக் கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல்தான். எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் அதன் மெருகு போய் வெளிறிவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்; குகையில் பல்லாயிரம் ஆண்டுகளாக நடப்பதன் சிறிய மாதிரி அது. அந்தக் கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. குவாரியில் அதைக் கனமான கட்டிகளாக வெட்டி எடுத்து அறுக்க வேண்டியதில்லை. உளியைச் சரியான இடத்தில் செருகினால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். பழங்காலக் கடலின் தரையில் சுண்ணாம்புச் சேறு அடுக்கடுக்காகப் படிந்தபோது, இடையிடையே படிவு நின்றும், மெல்லிய களிமண் ஏடு போர்த்தியும், பிறகு மீண்டும் படிவு தொடங்கியும் வந்திருக்கிறது. அந்த எல்லைகளே இன்று கல் பெயரும் தளங்கள். நிலவியலார் அவற்றைப் படிவுத் தளங்கள் என்கிறார்கள்.

நந்தியால் மாவட்டத்தில் கொலிமிகுண்ட்லாவுக்கு அருகே உள்ள பெலும் குகை, இந்தக் கடப்பா கர்நூல் படுகையின் சுண்ணாம்புக்கல்லில்தான் அமைந்திருக்கிறது. அங்கே அடுக்குகள் ஏறக்குறைய கிடைமட்டமாகக் கிடக்கின்றன. அவற்றைச் செங்குத்தான விரிசல்கள் குறுக்கே வெட்டுகின்றன. மேலிருந்து வரும் நீர் ஒரு விரிசல் வழியே இறங்குகிறது. படிவுத் தளம் ஒன்றை எட்டியதும் பக்கவாட்டில் பரவுகிறது. இன்னொரு விரிசல் குறுக்கிடும் இடத்தில் அதன் போக்கிலே திரும்புகிறது. இதனால்தான் நீங்கள் நடந்த வழி பல இடங்களில் தட்டையான கூரையோடு நேராகச் சென்று, சட்டென்று திரும்பியது. இந்தக் குகையை 1884ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறிப்பிட்டிருக்கிறார். பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்று தமிழ் வாசகர்கள் அறிந்த அதே நிலவியலாளர்தான். அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1982இலும் 1983இலும், டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு அதை விரிவாக ஆராய்ந்தது. அளந்து அறிந்த நீளம் 3,229 மீட்டர். மிக ஆழமான பாதாளகங்கை என்ற இடமோ நுழைவாயில் மட்டத்திலிருந்து சுமார் 46 மீட்டர் கீழேதான் இருக்கிறது. நீளம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியும் ஆழம் ஐம்பது மீட்டரை எட்டவில்லை என்பதே, அந்தக் குகை கிடைமட்ட அடுக்குகளுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தது என்பதற்குப் போதிய சான்று.

போரா வேறு நிலத்தில் இருக்கிறது. அரக்குப் பள்ளத்தாக்கை ஒட்டிய அனந்தகிரி மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இங்குள்ள பாறைகள் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்துக்கு அமிழ்ந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மடிந்து, உருமாறி மேலே வந்தவை. அப்படி வெந்தபோது சுண்ணாம்புக்கல்லின் நுண்துகள்கள் கரடுமுரடான பளிங்குப் படிகங்களாக மாறின. கடற்தரையில் படிந்த காலத்துத் தளங்களில் பெரும்பாலானவை அழிந்தும் மடிப்புகளாக நெளிந்தும் போயின. பலகையாகப் பெயரும் குணம் இந்தக் கல்லுக்கு இல்லை. நீர் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடுவதற்கு ஏற்ற தளமும் இல்லை. சுற்றிலும் இருப்பது கோண்டலைட் போன்ற கரையாத பாறை என்பதால், கரையும் கல் பட்டைகளாக அதற்குள் அடைபட்டிருக்கிறது. ஆகவே நீர், இருக்கும் சில செங்குத்து விரிசல்களிலேயே திரும்பத் திரும்ப இறங்கி, குறிப்பிட்ட ஓரிடத்தையே மேலும் மேலும் அகழ்ந்தது. அடியில் ஓடும் கோஸ்தனி ஆறு கரைந்ததையும் இடிந்ததையும் அடித்துச் சென்று இடம் ஒழித்துக் கொடுத்தது.

மண்டபத்தின் கூரை ஏன் வில் போல வளைந்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம். தனியாக நின்று தாங்கும் தளமில்லாத பாறையில் வெற்றிடம் அகலும்போது, கூரையின் நடுப்பகுதி உதிர்ந்துகொண்டே வந்து, எடை இரு பக்கச் சுவர்களுக்கும் இறங்கும் வளைவு கிடைத்த பிறகுதான் நிலைபெறும். பெலுமில் அந்த வேலையைக் கனமான கிடைமட்ட அடுக்கு ஒன்றே, வீட்டுத் தூலம் போல, செய்துவிடுகிறது. அங்கும் அடுக்கு மெலிந்த இடத்தில் கூரை தாங்கவில்லை; நீங்கள் இறங்கிச் சென்ற கிணறு போன்ற வாயில், கூரை இடிந்து விழுந்த குழிதான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்): அமிலம் கல்லைத் தொட்டவுடன் வினைபுரிந்து தீர்ந்துவிட வேண்டுமே? முதல் சில மீட்டரிலேயே அதன் வலிமை முடிந்துபோனால், கிலோமீட்டர் கணக்கில் குகைகள் எப்படி உருவாகின்றன? மேலும், பாறையில் ஆயிரம் விரிசல்கள் இருக்க, ஒன்றிரண்டு மட்டும் குகையாவது ஏன்?

பதில்: இந்த ஐயம் ஆய்வாளர்களையும் நெடுங்காலம் அலைக்கழித்தது. தொடக்கத்தில் ஒரு விரிசலின் வாய் மயிரிழை அளவே இருக்கும். அதற்குள் நுழையும் நீர் முதலில் வேகமாகக் கரைப்பதும், விரைவில் ஏறக்குறைய நிறைவுற்ற கரைசலாகிவிடுவதும் உண்மைதான். ஆனால் நிறைவை நெருங்க நெருங்க, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் கரையும் வேகம் நாம் எதிர்பார்ப்பதைவிட மிகக் கூடுதலாகக் குறைந்துவிடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டின. அதனால் அமிலத்தின் கடைசிச் சிறு பங்கு தீராமல், நீரோடு நெடுந்தூரம் பயணம் செய்கிறது. போகும் வழி முழுவதையும் அது மிக மெதுவாக, ஆனால் விடாமல், அகலப்படுத்துகிறது. வேகமாகத் தீர்ந்துவிடும் அமிலமாக இருந்திருந்தால் உலகில் நீண்ட குகைகளே இருந்திரா.

இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஆயிரம் விரிசல்களும் ஒரே அகலத்தில் தொடங்குவதில்லை. மழைநீர் நுழையும் இடத்திலிருந்து ஊற்றாக வெளியேறும் இடம் வரை சற்றே அகலமாகவும், குறுக்கு வழியாகவும், இடையில் அறுபடாமலும் அமைந்த விரிசல் வரிசை எதுவோ, அதில் நீர் கூடுதலாக ஓடும். கூடுதல் நீர் கூடுதலாகக் கரைக்கும். கரைந்து அகன்ற வழியில் இன்னும் கூடுதல் நீர் வரும். பத்தாயிரம் ஆண்டிலிருந்து லட்சம் ஆண்டு வரை நீளும் இந்தப் போட்டியில் வழி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அகன்றதும், நீர் கலங்கிச் சுழித்து ஓடத் தொடங்குகிறது. அதன் பிறகு அந்த வழியின் வளர்ச்சியைத் தடுக்க எதுவும் இல்லை. அண்டை விரிசல்கள் நீரிழந்து, தொடங்கிய அளவிலேயே நின்றுவிடுகின்றன. குகை என்று நாம் நடந்து பார்ப்பது, பாறையின் பல விரிசல்களில் வென்ற ஒரு விரிசலின் வரலாறு.

அடுக்குகளின் சாய்வு இந்தப் போட்டியை எப்படி வழிநடத்துகிறது என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள மாமத் குகையே தலைசிறந்த எடுத்துக்காட்டு. அளந்தறிந்த நீளம் 680 கிலோமீட்டரையும் தாண்டும். உலகின் மிக நீண்ட குகை அது. அங்கே சுண்ணாம்புக்கல் அடுக்குகள் கிரீன் ஆற்றை நோக்கி மிக மெல்லச் சாய்கின்றன. மேலே மணற்பாறை ஒரு கூரை போல மூடியிருப்பதால், மேடுகளின் அடியிலுள்ள பழைய சுரங்க வழிகள் மழையில் அழியாமல் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலே உள்ள நீர், சாய்வின் திசையிலே பள்ளம் நோக்கி ஓடி, ஒடுங்கிய ஆழமான வாய்க்கால்களை அறுக்கிறது. நீர் மட்டத்துக்குக் கீழே வழி முழுதும் நிறைந்து ஓடும் நீரோ எல்லாப் பக்கமும் கரைத்து, படிவுத் தளத்தை ஒட்டிப் படுத்த முட்டை வடிவக் குழாய்களை உண்டாக்குகிறது. ஆறு தன் படுகையை வெட்டி இறங்கும்போதெல்லாம் நீர் மட்டமும் இறங்கி, பழைய குழாய்கள் வறண்டு, கீழே புதிய தளம் தொடங்குகிறது. குழாயாகத் தொடங்கிப் பிறகு தரையில் வாய்க்கால் வெட்டப்பட்ட வழியின் குறுக்குத் தோற்றம் பூட்டின் சாவித்துவாரம் போலவே இருக்கும். மாமத் குகையின் மேல் தளங்களில் கிடக்கும் மணல், 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆற்று நீரால் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு மாணவி): குகைக் கூரையில் தொங்கும் கல்விழுதுகள் சில இடங்களில் கோடு போட்டதுபோல் வரிசையாக இருந்தன. யாரேனும் சீர்படுத்தினார்களா?

பதில்: இல்லை. அந்தக் கோடு கூரையிலுள்ள ஒரு விரிசல். அதன் வழியே கசியும் நீர், குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடை இழந்ததும், தான் சுமந்து வந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிடுகிறது. அடுத்த முறை செல்லும்போது அந்த வரிசையின் திசையைக் காந்த ஊசியால் குறித்துக்கொண்டு, குகை வழியின் திசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இல்லாவிட்டால் குறுக்கே செல்லும் இன்னொரு விரிசல் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி (இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து ஒரு வாசகர்): யார்க்ஷயரின் மாலம் பகுதியில் குன்றின் உச்சி முழுவதும், பெரிய கற்பலகைகள் பதித்து இடையில் பள்ளம் விட்டதுபோல் இருக்கிறது. இதற்கும் குகைகளுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. குகையில் கூரைக்கு மேலே மறைந்திருக்கும் விரிசல் வலையை அங்கே வெட்டவெளியில் பார்க்கிறீர்கள். பனியுகத்துப் பனியாறுகள் மேல் மண்ணையும் உதிர்ந்த பாறையையும் வழித்தெடுத்து, ஒரு படிவுத் தளத்தை அப்படியே வெளிப்படுத்திவிட்டன. அதன்பின் வந்த நீர், செங்குத்து விரிசல்களைத் தேடித் தேடி அகலப்படுத்தியதால் பலகைகளும் இடைப்பள்ளங்களும் உருவாயின. அந்தப் பள்ளங்களுக்குள் காற்றும் வெயிலும் குறைவாக இருப்பதால் பெரணிகள் வளர்ந்திருக்கும், கவனித்திருப்பீர்கள்.

அதே மாவட்டத்தில் உள்ள கேப்பிங் கில் என்ற இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஃபெல் பெக் என்ற ஓடை அங்கே சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு நேராக விழுகிறது. கனமான, கிடைமட்டமான சுண்ணாம்புக்கல் அடுக்குகளை மேலிருந்து கீழ்வரை வெட்டும் விரிசல் அமைந்தால் நீர் எவ்வளவு ஆழம் நேராக இறங்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அடியில் கரையாத பழைய பாறை வந்ததும் நீர் மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஓடி, பள்ளத்தாக்கின் ஓரங்களில் ஊற்றாக வெளிப்படுகிறது.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): தமிழ்நாட்டில் இத்தனை மலைகள் இருந்தும் இப்படிப்பட்ட குகைகள் ஏன் இல்லை? சித்தன்னவாசலில் குகை இருக்கிறதே?

பதில்: நம் மலைகளில் பெரும்பாலானவை சார்னகைட், கிரானைட், நைஸ் போன்ற பாறைகள். இவை கார்பானிக் அமிலத்தில் சுண்ணாம்புக்கல்லைப் போல முழுதாகக் கரைந்து வெற்றிடம் விடுவதில்லை. சிதைந்து, மண்ணையும் களியையும் விட்டுவைக்கின்றன. சமணர் படுக்கைகள் உள்ள இயற்கைக் குகைத்தளங்கள், பாறை விரிசலோடு பெயர்ந்தும் அரிந்தும் விட்ட ஒதுங்கிடங்கள். ஓவியம் உள்ள சித்தன்னவாசல் கோயிலோ மனிதர் குடைந்தது. அரியலூர்ப் பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புக்கல் உண்டு, சிமென்ட் ஆலைகளுக்கு அதுதான் உணவு. எனினும் களியும் மணலும் கலந்த அடுக்குகள் அங்கே இடையிடையே வருகின்றன. அவை விரிசல்களை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையவை. மேகாலயத்தில் காசி மொழியில் 'க்ரெம்' என்றழைக்கப்படும் குகைகள் கிலோமீட்டர் கணக்கில் நீளக் காரணம், தூய சுண்ணாம்புக்கல்லோடு உலகிலேயே மிகுதியான மழையும் அங்கே சேர்ந்திருப்பதுதான்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு வற்றாதது என்றும், இராமர் அம்பு ஊன்றியதால் உண்டானது என்றும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். கீரிமலைக் கேணியிலோ கடலுக்கு ஓரடி தள்ளி நன்னீர் வருகிறது. இவற்றை நிலவியல் எப்படி விளக்குகிறது? எங்கள் கிணற்று நீரைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் ஊர்க் கல்லே இந்தப் பத்தியில் வந்தவற்றுள் மிக இளையது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் உள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது பெலும் கல்லைப் போல ஆழத்தில் அமிழ்ந்து இறுகவும் இல்லை, போரா கல்லைப் போல வெந்து உருமாறவும் இல்லை. ஆகையால் சிப்பிகளும் பவளத் துண்டுகளும் படிந்தபோது இருந்த நுண்துளைகளில் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. நீர் இந்தத் துளைகளின் வழியாகவும் நகரும், விரிசல்களின் வழியாகவும் நகரும், கரைந்து அகன்ற குழாய்களின் வழியாகவும் ஓடும். நிரந்தர ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் உங்களுடையது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர, பெய்யும் மழையில் பெரும்பகுதி செம்மண்ணைக் கடந்து நேரே கல்லுக்குள் இறங்கிவிடுகிறது.

இறங்கிய நன்னீர், கடலிலிருந்து கல்லுக்குள் ஊறியிருக்கும் கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் எல்லையில் ஒரு விந்தை நிகழ்கிறது. தனித்தனியாக இனி கரைக்க இயலாத அளவுக்குச் சுண்ணாம்பு நிறைந்த இரண்டு நீர்கள் சேர்ந்தால், அந்தக் கலவை மீண்டும் கரைக்கும் ஆற்றல் பெற்றுவிடலாம். அதனால் கடலோரச் சுண்ணாம்பு நிலங்களில் நிலத்தடி வெற்றிடங்கள் ஆழத்திலும் வளர்கின்றன. அப்படி ஒரு வெற்றிடத்தின் கூரை இடிந்து வானம் தெரிந்த இடம்தான் நிலாவரை. அது சுற்றுப்புற நீர்த்தாங்கு பாறையோடு நேரடியாக இணைந்திருப்பதால், எடுத்த நீர் எல்லாப் பக்கமிருந்தும் வந்து நிரம்புகிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதற்கும் மேற்சொன்ன வில்லையே காரணம். கீரிமலை, அதே வில்லையின் நீர் ஒரு விரிசல் வழியே கடலை நோக்கி வெளியேறும் வாயில். கீரிமலையில் நீராடிக் குதிரை முகம் நீங்கப் பெற்ற இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையை வழிவழியாகச் சொல்லி வந்தவர்கள், அந்த ஊற்றின் அருமையை நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கிணறுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கடலோர நிலங்களுக்கான பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: இயந்திரம் வைத்து இறைத்து நீர் மட்டத்தை ஒரு மீட்டர் நிரந்தரமாகத் தாழ்த்தினால், அடியிலுள்ள உவர் 40 மீட்டர் வரை மேலேறி வரக்கூடும். துலா போட்டு இறைத்த காலத்தில் இந்தச் சமநிலை குலையாமல் இருந்ததில் வியப்பில்லை.

மணல் நிலத்தில் நீர் துளித்துளியாக வடிந்து இறங்குவதால் அழுக்கு ஓரளவு தங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லின் குழாய்களில் அந்த வடிகட்டல் நடப்பதில்லை. வெங்காயத் தோட்டத்தில் போட்ட யூரியாவும், மலசலகூடக் குழியின் கசிவும், ஒரு விரிசல் நேராக அமைந்துவிட்டால் அடுத்த மழையிலேயே அண்டைக் கிணற்றை எட்டிவிடும். குடாநாட்டின் பல கிணறுகளில் நைட்ரேட் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு இது குறிப்பாகக் கெடுதி. கொதிக்க வைப்பதாலும் நைட்ரேட் நீங்காது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இத்தனை அடி தூரம் போதும் என்று மணல் நிலத்துக்கு வகுத்த விதியை உங்கள் கல்லுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். உங்கள் வளவில் கிணறு தோண்டியபோது விரிசல் எந்தத் திசையில் ஓடியது என்று வீட்டு மூத்தவர்களிடமோ கிணறு வெட்டியவர்களிடமோ கேளுங்கள். அந்தத் திசையில், நீர் வரும் பக்கத்தில், குழியோ எருக்கும்பியோ இருந்தால் அதை இடம் மாற்றிவிட்டு, மாரிக்கு முன்னும் பின்னும் நீரைப் பரிசோதித்துப் பாருங்கள்.